விளைவும் துய்த்தலும்: நல்ல திரைப்படங்களின் முடிவு பற்றிய ஓர் ஆய்வு

திரையரங்கை விட்டு வெளியே வருவோர் பலர் வாயிலும் ஒரு கூற்றைக் கேட்கிறோம்: ‘படம் நன்று; முடிவுதான் நன்றாக இல்லை.’ இக்கூற்று மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. மிக எளிதாக மறக்கவும் படுகிறது. ஆயினும் இதன்கண் இலக்கியத் திறனாய்வுக்குரிய பெரியதொரு வினா அடங்கியுள்ளது. இரண்டு மணி நேரம் நம் நெஞ்சை ஆட்கொண்ட ஒரு படைப்பு, இறுதிப் பத்து நிமிடங்களில் அந்நெஞ்சை இழப்பது ஏன்? முடிவு கெட்டதனால் முழுப் படைப்பும் கெட்டதாகுமா? அன்றி, முடிவு கெட்டது என்னும் தீர்ப்பே சில வேளைகளில் பிழைபட்டதாதல் கூடுமா?

திரைப்படத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும் மாணவர் தொகை தமிழ்த் துறைகளில் இன்று பெருகியுள்ளது. அவர்தம் கட்டுரைகளை மதிப்பிடும் பொறுப்பு எம்மனோர்க்கு உண்டு. அக்கட்டுரைகளுட் பல, ஒரு படத்தின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனையே அப்படத்தின் கொள்கை எனக் கொண்டு, முழுப் படத்தையும் போற்றவோ தூற்றவோ காண்கிறோம். யாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பாடம் சொல்லி வந்தோம். அம்முறை போதாது என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு மாணவியின் வினா. அதனைப் பின்னர்க் கூறுவாம். முதற்கண், முடிவு என்பது யாது என ஆராய்வோம்.

முடிவின் இலக்கணம்

நாடகக் கதையின் வளர்ச்சியை ஐந்து சந்தியாகப் பகுத்தல் வடமொழி நாட்டிய நூலார் மரபு. முகம், பிரதிமுகம், கருப்பம், விமரிசம், நிர்வகணம் என்பன அவை. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரும் ஐந்து சந்தி கூறுகின்றார். ஆயின் அவர் இறுதி இரண்டற்கும் வழங்கும் பெயர்கள் வேறு: விளைவு, துய்த்தல். பெயர் மட்டுமன்று, அவர் காட்டும் உவமையும் உழவனுடைய வயலிலிருந்து எடுக்கப்பட்டது. பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைத்தல் முகம். முளை இலைவிட்டு நாற்றாதல் பிரதிமுகம். நாற்று வளர்ந்து உள்ளே கருக்கொள்ளுதல் கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்தல் விளைவு. விளைந்ததை அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, பொலியாக்கி, வீட்டிற்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்தல் துய்த்தல். இவ்வாறு விரிகிறது அவர் உரையின் கருத்து.

இவ்வுவமையில் நாம் உற்று நோக்கத்தக்கன மூன்று. ஒன்று: விளைவு வேறு, துய்த்தல் வேறு. கதிர் முற்றியதனாலேயே வயிறு நிரம்பாது. இடையில் அறுத்தலும் தூற்றலுமாகிய தொழில்கள் பல உள. இரண்டு: துய்க்கப்படுவது அவ்வயலில் விளைந்ததாகவே இருத்தல் வேண்டும். நெல் விதைத்தவன் வீட்டில், அடுத்த ஊர்ச் சந்தையில் வாங்கிய கோதுமை அடை உண்ணப்படின், அது சுவையுடையதாயினும் துய்த்தல் என்னும் சந்தி ஆகாது. மூன்று: ‘நிர்வகணம்’ என்பது கதையை முடித்து வைப்போனுடைய செயலைக் குறிக்கும் சொல், ‘துய்த்தல்’ என்பதோ உண்பவனையும் உளப்படுத்தும் சொல். காண்போன் நெஞ்சில் நிறைவு பிறந்தாலன்றிக் கதை முடிந்ததாகாது என்பது இப்பெயராற் போதரும்.

மேனாட்டார் கொள்கையும் இதற்கு முரண்பட்டதன்று. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், கதையின் அவிழ்ப்புக் கதையினுள்ளிருந்தே பிறத்தல் வேண்டும் என்றும், பொறியில் இறங்கி வரும் தெய்வத்தால் நிகழ்தல் கூடாது என்றும் கூறுகின்றார். யூரிபிடீசின் மெடியாவை அக்குறைக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டுகின்றார். நல்லார்க்கு நலமும் தீயார்க்குத் தீங்கும் பகிர்ந்தளிக்கும் இரட்டை முடிவைச் சிறந்ததெனச் சிலர் கருதுவது அவையோரின் மென்மையால் என்றும், புலவர் அவையோர் விருப்பத்திற்கு இணங்கி அவ்வாறு எழுதுகின்றனர் என்றும் அவர் கூறுவது, இன்றைய திரைப்படத்தை நோக்கிக் கூறியது போலவே உள்ளது.

ஆகவே, ஏமாற்றம் தரும் முடிவு என்பது துன்ப முடிவு அன்று. இன்ப முடிவும் அன்று. விளைந்தது ஒன்றாகவும் துய்க்கத் தரப்பட்டது மற்றொன்றாகவும் இருப்பதே ஏமாற்றம். இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு சில படங்களை நோக்குவோம்.

துன்பம் ஏமாற்றமன்று

முதலில் ஓர் ஐயத்தை நீக்குதல் நலம். முடிவு மனத்தை வருத்தினால் அதனை ஏமாற்றம் என்பாருளர். விட்டோரியோ டி சிக்கா 1948-ஆம் ஆண்டில் எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்னும் இத்தாலியப் படத்தில், சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத மிதிவண்டியை ஒருவன் பறிகொடுக்கிறான். தந்தையும் சிறுமகனும் உரோமை நகரெங்கும் அதனைத் தேடியலைகின்றனர். இறுதியில் தந்தையே மற்றொருவன் மிதிவண்டியைத் திருட முயன்று, மகன் கண்முன் பிடிபட்டு, இழிவுற்று, மன்னித்து விடப்படுகின்றான். மகன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்ள, இருவரும் கூட்டத்தில் மறைகின்றனர். மிதிவண்டி கிடைக்கவில்லை, நாளை என்ன என்பதற்கும் விடையில்லை. ஆயினும் இம்முடிவை ஏமாற்றம் எனக் கூற யாம் துணியோம். படம் முதலிலிருந்து விதைத்தது வண்டியை மட்டுமன்று, மகன் கண்ணில் தந்தைக்குள்ள மதிப்பையும் ஆகும். வண்டி போயிற்று, கை கிடைத்தது. இஃது அவ்வயலிலேயே விளைந்த நெல்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யும் (1955) இத்தகையதே. மகள் துர்க்கை இறந்தபின், எஞ்சிய குடும்பம் மாட்டுவண்டியேறி ஊரை விட்டு நீங்குவதோடு படம் நிற்கிறது. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் நாவல் அவ்விடத்தில் நிற்கவில்லை. காசி வாழ்க்கையையும் தொடர்ந்து கூறுகிறது. அப்பகுதியை ராய் தம் அடுத்த படமாகிய ‘அபராஜிதோ’வுக்கு (1956) ஒதுக்கிக்கொண்டார். கதை எங்கே தொடர்கிறது என்பது வேறு; படைப்பு எங்கே நிறைகிறது என்பது வேறு என இதனால் அறியலாம். தமக்கை திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மணிமாலையைக் கண்டெடுத்த அப்பு, எவரிடமும் கூறாது அதனைக் குளத்தில் எறிகின்றான். பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. அதற்குமேல் அவ்வூரில் நமக்குக் காண ஒன்றுமில்லை. அறுவடை முடிந்த வயல் அது.

பிறர் கை அறுத்த வயல்

ஏமாற்றந் தரும் முடிவுகளுள் முதல்வகை, படைத்தவன் கையால் ஆகாது பிறர் கையால் ஆனவை. இதற்குப் பெருஞ்சான்று ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘தி மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’. பூத் தார்க்கிங்டன் 1918-இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய இப்படம், அமெரிக்க நடுநாட்டு நகரொன்றில் செல்வாக்குடன் வாழ்ந்த ஒரு குடி, மோட்டார் வண்டியின் வருகையால் நகரே மாறிவர, அழிந்துபடுவதைக் காட்டுவது. செருக்கே உருவான மகன் ஜார்ஜ், கைம்பெண்ணாகிய தன் தாய் பழைய காதலனாகிய யூஜினை மணப்பதைத் தடுக்கிறான். அவனுடைய அத்தை பேன்னியும் உள்ளூர யூஜினை விரும்பியவளே.

வெல்ஸ் படத்தொகுப்பை முடிக்குமுன் 1942-இன் தொடக்கத்தில் மற்றொரு படப்பிடிப்பிற்காகப் பிரேசில் சென்றார். அவ்வாண்டு மார்ச்சு 17 அன்று கலிபோர்னியாவின் பொமோனா நகரில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டபோது அவையோர் பலர் எள்ளி நகைத்தனர். அஞ்சிய ஆர்.கே.ஓ. நிறுவனம் படத்தை வெட்டத் தலைப்பட்டது. இரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட படம் 88 நிமிடமாகக் குறைந்தது. இறுதிக் காட்சி புதிதாக எடுத்து ஒட்டப்பட்டது. நீக்கப்பட்ட சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன. இசையமைத்த பெர்னார்டு ஹெர்மன் தம் பெயரையே படத்திலிருந்து நீக்கச் செய்தார்.

வெல்ஸ் அமைத்த முடிவில், எல்லாம் இழந்த பேன்னி ஒரு வாடகை விடுதியில் வாழ்கிறாள். அவளைக் காண வந்த யூஜின் பேசிவிட்டு நீங்குகின்றான். இருவருக்குமிடையே பேச இனி ஒன்றுமில்லை என்பதே அக்காட்சியின் பொருள். ஒட்டப்பட்ட முடிவிலோ, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் யூஜின் தான் ஜார்ஜை மன்னித்த செய்தியைக் கூற, பேன்னி முகமலர்ந்து உடன் நடக்கிறாள். எஞ்சியுள்ள தொகுப்புக் குறிப்புகளாலும் நிழற்படங்களாலும் மட்டுமே முந்திய முடிவை இன்று அறிகின்றோம்.

ஈண்டு ஆராய்ச்சியாளர் கவனிக்கத்தக்க நுட்பமொன்று உண்டு. மருத்துவமனையில் நிகழும் மன்னிப்பு நிறுவனத்தாரின் கற்பனையன்று. தார்க்கிங்டனின் நாவலும் அவ்வாறே முடிகிறது. மூலநூலுக்கு மாறுபட்டவர் வெல்சே. எனின், ஒட்டப்பட்ட முடிவு மூலத்திற்கு உண்மையானது. ஆயினும் படத்திற்குப் பொய்யானது. ஏன்? படம் பேன்னியின் தனிமையை நாவலினும் ஆழமாக விதைத்திருந்தது. சமையலறையில் ஜார்ஜுக்கு உணவு படைத்துக்கொண்டே தன் உள்ளத்தை மறைக்க முயன்று அவள் உடைந்து அழும் காட்சியைக் கண்டோர், தாழ்வாரத்தில் மலரும் அம்முகத்தை நம்பார். ஒரு முடிவு உண்மையா பொய்யா என்பதற்கு மூலநூல் சான்றாகாது. முன்னைய காட்சிகளே சான்றாகும்.

இந்நிலை தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இளங்கோவடிகள் யாத்ததுதானா என ஐயுற்ற அறிஞருளர். இராமன் முடிசூடலோடு கம்பன் நூல் நிறைய, உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதென்பது மரபு. ‘நூல் எங்கே முடிகிறது? முடித்த கை எவருடையது?’ என்னும் வினாக்களை ஓலைச்சுவடி நோக்கிக் கேட்டுப் பழகியவர் நாம். அதே வினாக்களைப் படச்சுருள் நோக்கிக் கேட்பதில் தவறில்லை. திரைப்படத்திற்கும் பாடவேறுபாடு உண்டு. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982-இல் வெளியானபோது, நிறுவனத்தார் விருப்பப்படி ஒரு மகிழ்ச்சி முடிவு சேர்க்கப்பட்டது. இருளும் மழையும் சூழ்ந்த நகரக் கதைக்கு, பசிய மலைவெளியில் வண்டி செல்லும் காட்சி வாலாயிற்று. அம்மலைக் காட்சிகளும் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்திற்காக எடுத்து எஞ்சியவற்றிலிருந்து பெறப்பட்டவை. 1992-இலும் 2007-இலும் வந்த பதிப்புகளில் அவ்வால் நீக்கப்பட்டது. ‘பிளேட் ரன்னர்’ முடிவு ஏமாற்றந் தருவது என ஒருவர் எழுதின், ‘எந்தப் பாடம்?’ என முதலிற் கேட்டல் வேண்டும். ஆம்பர்சன்ஸ் படத்திற்கோ நல்ல பாடம் மறைந்தது. அழிந்த நூல்களின் பெயரை மட்டும் அறிந்து வருந்தும் நமக்கு அவ்வருத்தம் நன்கு விளங்கும்.

தன் கை தானே அறுத்த வயல்

இரண்டாம் வகை, படைத்தவனே இணங்கி அமைத்த முடிவுகள். ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சஸ்பிஷன்’ (1941) இதற்கு எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் ஐல்ஸ் 1932-இல் எழுதிய நாவலைத் தழுவியது இது. கணவன் தன்னைக் கொல்லக் கருதுகிறானோ என்னும் மனைவியின் ஐயமே படத்தின் உயிர். அவன் பாற்குவளையை ஏந்திப் படியேறி வரும் காட்சியில், குவளையினுள்ளே சிறு விளக்கு வைத்து, பார்வை முழுதும் அப்பாலிலேயே நிலைக்கும்படி ஹிட்ச்காக் செய்தார். நாவலில் கணவன் உண்மையிலேயே கொலைஞன். மனைவி அறிந்தே நஞ்சை ஏற்கிறாள். படத்திலோ, மலைச்சரிவில் விரையும் வண்டியில் சில நொடிகளில் எல்லாம் தெளிவாக்கப்படுகின்றன: கணவன் குற்றமற்றவன், நஞ்சை நாடியது தன்னை மாய்த்துக்கொள்ளவே. கணவனாக நடித்த கேரி கிராண்டைக் கொலைஞனாகக் காட்ட நிறுவனம் இசையவில்லை என்றும், மனைவி தாய்க்கு எழுதிய மடலைக் கணவனே அறியாது அஞ்சலிற் சேர்ப்பதாக வேறொரு முடிவைத் தாம் எண்ணியிருந்ததாகவும் ஹிட்ச்காக் பிற்காலத்தில் துருபோவிடம் கூறினார்.

இங்கு விதைக்கப்பட்டது ஐயம். ஐயத்தின் விளைவு, அது மெய்யாதலோ பொய்யாதலோ அன்று. ஐயுற்ற உள்ளம் என்னாயிற்று என்பதே. படம் ‘அவன் கொலைஞனா?’ என்பதற்கு மட்டும் விடை தந்து, ‘தன்னைக் கொல்வான் எனத் தான் நம்பிய ஒருவனோடு இவள் எவ்வாறு வாழ்வாள்?’ என்னும் பெரிய வினாவைப் பாதையில் விட்டுச் செல்கிறது. ஏமாற்றம் அவன் நல்லவனானதால் அன்று. அவளைப் படம் மறந்ததால்.

அதே இயக்குநரின் ‘சைக்கோ’வில் (1960) குறை வேறு வகையானது. கொலைகளின் மறைபொருள் வெளிப்பட்டபின், ஒரு மனநல மருத்துவர் நின்று நெடிதாக விளக்கவுரை கூறுகிறார். அதன்பின் சிறையறையில் நார்மன் தனித்து அமர்ந்திருக்கும் காட்சி வருகிறது. அக்காட்சி ஒன்றே போதும், உரை மிகை. அடியார்க்குநல்லார் உவமையிற் கூறின், இங்கு நெல் அவ்வயலினதே. தூற்றப்படாமல் பதரோடு படைக்கப்பட்டது.

இவ்விரண்டினின்றும் வேறுபட்டு நிற்கும் விந்தைப் படம் ஒன்று உண்டு. எஃப்.டபிள்யூ. முர்னோ இயக்கி, கார்ல் மாயர் எழுதி, 1924-இல் செருமனியில் வெளிவந்த ‘டெர் லெட்ஸ்டே மான்’ அது. ‘கடைசி மனிதன்’ என்பது அப்பெயரின் பொருள். பெருவிடுதி ஒன்றின் வாயிற்காவலர், முதுமை காரணமாகக் கழிவறைப் பணியாளராகத் தாழ்த்தப்படுகிறார். பொன்னிழைச் சீருடை போயிற்று. அதனோடு அக்கம்பக்கத்தார் மதிப்பும் போயிற்று. இரவுக் காவலன் தன் மேலாடையால் அவரைப் போர்த்த, அவர் கழிவறையில் ஒடுங்கியிருக்கும் இடத்தில் கதை உள்ளவாறு முடிந்துவிடுகிறது. பேச்சில்லாப் படமாயினும் எழுத்துப் பலகையே இன்றி நடந்துவந்த இப்படத்தில், அவ்விடத்தில் ஒரே ஒரு பலகை தோன்றுகிறது. உண்மை வாழ்வில் இம்முதியவருக்கு இனிச் சாவன்றி எதிர்நோக்க ஒன்றுமில்லை. ஆயின் ஆசிரியர் இரங்கி, நிகழ்தற்கரிய ஒரு பின்னுரையை அளிக்கிறார் என்பது அதன் கருத்து. பின்னர் அம்முதியவர் ஓர் அமெரிக்கச் செல்வரின் பொருளுக்கு உரியராகி, அதே விடுதியில் விருந்துண்கிறார்.

இம்முடிவைத் திணிக்கப்பட்டதென இகழ்வாரும் எள்ளலெனப் புகழ்வாரும் உளர். எம் கருத்தில், இது வெளியிலிருந்து வந்த உணவே; ஆயினும் வெளியிலிருந்து வந்தது எனக் கூறியே படைக்கப்பட்ட உணவு. பொய்யை மெய்யெனக் காட்டாமையால் இது நம்மை ஏமாற்றவில்லை. மெய் முடிவை முதலில் முழுமையாகக் காட்டிவிட்டு, அதன்மேல் பொய் முடிவை ஏற்றியமையால், அவையோர் தம் மென்மையைத் தாமே காணும் கண்ணாடியாக அது நிற்கிறது.

தமிழ்ப் படங்கள் இரண்டு

இனி நம் மொழிப் படங்கள் இரண்டை நோக்குவோம். கே. பாலசந்தர் இயக்கிய ‘அரங்கேற்றம்’ (1973), வறுமையும் மக்கட்பேறும் மிகுந்த வைதிகக் குடும்பம் ஒன்றின் மூத்தமகள் லலிதாவின் கதை. குடும்பத்தைக் காக்க நகரம் சென்று வேலை செய்பவள், உடலை விற்கும் நிலைக்கு ஆளாகிறாள். அப்பொருளால் வளர்ந்த குடும்பமே, உண்மை வெளிப்பட்டபோது அவளை ஒதுக்குகிறது. இறுதியில் அவள் மனநிலை திரிந்தவளாகிறாள்.

இப்படம் எழுப்பும் வினா லலிதாவை நோக்கியதன்று. அவள் பொருளை உண்டவர்களை நோக்கியது. உண்டபோது கேளாத வினாவை உண்டு முடித்தபின் கேட்கும் மானம் எத்தகையது என்பதே அது. தமிழ்த்திரையில் அதுவரை அவ்வளவு கூர்மையாக அவ்வினா எழுப்பப்பட்டதில்லை என்பது எம் கருத்து. ஆயின் விடை கூறவேண்டிய இடத்தில், வினவுதற்குரியவளின் அறிவே பறிக்கப்படுகிறது. துணிவும் தெளிவும் உடையவளாக நாம் கண்ட ஒருத்தி பித்தானபின், அவளை எவரும் எதிர்கொள்ள வேண்டுவதில்லை, இரங்கினாற் போதும். குடும்பமும் தப்புகிறது, காண்போராகிய நாமும் தப்புகிறோம். நொறுங்கிய உள்ளம் பித்தாதல் உலகியலே என்பாருளர். உலகியலில் நிகழ்தல் கூடும் என்பது வேறு; இக்கதையில் விளைந்தது என்பது வேறு. கதிர் முற்றிய வயலில் அறுவடைக்கு முதல்நாள் வீழ்ந்த இடிபோன்றது அம்முடிவு. வயல் நல்ல வயலே என்பதை அவ்விடி மறைத்துவிடலாகாது.

மற்றொன்று, கே. பாக்யராஜ் எழுதி, இயக்கி, நடித்த ‘அந்த 7 நாட்கள்’ (1981). இறக்கும் நிலையிலுள்ள தாயின் விருப்பத்திற்காக மணம் செய்துகொண்ட மருத்துவர், தம் மணமகள் வசந்தி மாதவன் என்னும் பாலக்காட்டு இசைஞனைக் காதலித்தவள் என்பதை மணநாள் இரவிலேயே அறிகிறார். தாய் மறைந்தபின் அவளைக் காதலனோடு சேர்த்துவைப்பதாக உறுதி கூறுகிறார். சொன்ன சொல்லைக் காக்கவும் முற்படுகிறார். ஆயின் மாதவன், தாலியைக் காட்டி, அவளைக் கணவனிடமே விட்டு நீங்குகின்றான். தாலி கழற்றப்படாமையே அங்குத் தீர்ப்பாகிறது.

இப்படத்தை வகுப்பில் காட்டி, யாம் வழக்கம்போல, ‘விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட பெண்ணின் உரிமை பற்றிய வினாவை எழுப்பிய படம், அதற்கு வழக்கத்தையே விடையாகத் தந்து ஏமாற்றியது’ எனக் கூறினோம். அப்போது ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, தாலி இப்படத்தில் இறுதியில் வந்ததா, முதலிலேயே வந்ததா? முதலிலேயே விதைக்கப்பட்டது என்றால், தங்களுக்கு ஏமாற்றம் படத்தின் முடிவிலா, அல்லது நம் சமுதாயத்திலா?’ எனக் கேட்டார். எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ‘அடுத்த வகுப்பில் பார்ப்போம்’ என்றோம்.

படத்தை மீண்டும் கண்டோம். மாணவியின் வினா பெரும்பாலும் நேரியதே. கணவனாக வந்தவரின் பண்பும், அவ்வீட்டின் உறவும், தாலியைப் பற்றிய அச்சமும் மதிப்பும் படத்தின் போக்கில் விதைக்கப்பட்டே உள்ளன. அவ்வகையில் முடிவு அவ்வயலின் விளைவே. நாம் உடன்படாதது அவ்வித்தோடு. எனின், எம் குறை முழுதும் தவறா? அன்று. அறுத்த கை எவருடையது என்னும் வினா எஞ்சுகிறது. ஏழு நாள்களும் எவளுடைய வாழ்வு பற்றியனவோ, அவள் சொல்லால் அன்றி, இரண்டு ஆடவரின் பெருந்தன்மையால் முடிவு நிகழ்கிறது. அவள் மௌனமே அவள் விடை எனக் கொள்வார் கொள்க. அம்மௌனத்தைச் சொல்லாக்கும் காட்சி ஒன்று படத்தில் இருந்திருப்பின், அதே முடிவு, ஒரு மாற்றமுமின்றி, நிறைவளித்திருக்கும் என்பது இப்போது எம் கருத்து.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. ஒரு படத்தின் முடிவு ஏமாற்றந் தந்தது எனத் தீர்ப்புக் கூறுமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். முதலாவது, அம்முடிவு எவர் கையால் ஆனது? நாம் காண்பது எந்தப் பாடம்? இரண்டாவது, அது முன்னைய காட்சிகளில் விதைக்கப்பட்டதா? விதைக்கப்பட்டதாயின் அறுத்தலும் தூற்றலும் செம்மையாக நிகழ்ந்தனவா? மூன்றாவது, நம் ஏமாற்றம் கலையைப் பற்றியதா, கொள்கையைப் பற்றியதா? கொள்கையைப் பற்றியதாயின் அதனை மறைவின்றிக் கூறுதல் கடன். கொள்கை வேறுபாட்டைக் கலைக்குறை எனப் பெயரிட்டு எழுதுதல் ஆராய்ச்சி நேர்மையன்று. கலைக்குறையைக் கொள்கைச் சிறப்பால் மூடுதலும் அத்தகையதே. யாம் முன்னர்ச் செய்துவந்த பிழை முன்னையது.

மற்றுமொன்று. முடிவு கெட்டமையால் முழுப் படைப்பையும் தள்ளுதல் தகாது. தீய படத்தின் முடிவைப் பற்றி எவரும் வருந்துவதில்லை; அங்கு எதிர்பார்ப்பதற்கு ஒன்றும் விளைந்திருப்பதில்லை. ‘முடிவுதான் நன்றாக இல்லை’ என்று ஒருவர் கூறும்போது, அதற்கு முன்னுள்ளவை தம்மை ஆட்கொண்டன என்பதற்கு அவரே சான்று பகர்கின்றார். பேன்னியின் அழுகையும், ஒளிவிடும் பாற்குவளையும், லலிதாவின் துணிவும் முடிவால் அழிந்தவையல்ல; முடிவின் குறையை நமக்குக் காட்டிக்கொடுப்பவை அவையே.

அடுத்த வகுப்பில் அம்மாணவிக்கு யாம் கூறிய விடை இக்கட்டுரையின் சுருக்கம். அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. வசந்தி பேசியிருந்தாலும் அவளை அதையே பேசவைத்திருப்பார்கள் என்பது அவர் மறுப்பு. அம்மறுப்பும் ஆராயத்தக்கதே.